தாழ்ப்பாளின் இடது முழங்கால்

போர்ச்சுகல் நாட்டு ஊர்செய்ராவில், ஊராட்சி அலுவலக வாசலில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று உண்டு. அதில் ஒட்டுகிற காகிதங்களை அந்த ஊரில் படிக்கிற ஒரே ஆள் எர்மீனியு வலதாரெஸ்தான். மற்றவர்கள் தங்களுக்கு வேண்டிய சேதிகளை அபீலியுவின் காப்பிக்கடையில் தெரிந்துகொள்வார்கள். எர்மீனியுவுக்கு வாய்வழி வரும் சேதியில் நம்பிக்கை கிடையாது. காகிதத்தில் வருவதிலும் கிடையாதுதான். ஆனால் காகிதத்தை இரண்டு தடவை படிக்கலாமே.

ஜூலை மாதக் கடைசித் திங்கட்கிழமை அவர் அந்தப் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தார். நாய்களுக்கு வெறிநோய் ஊசி போடும் தேதியை அறிவித்த காகிதத்துக்குக் கீழே, பாதி மறைந்தபடி இன்னொன்று எட்டிப் பார்த்தது. தலையைச் சாய்த்துப் படித்தார். 'பொருள் ஏழு: கசாப்புக்கூடத் தெருவுக்கு எர்மீனியு வலதாரெஸ் தெரு எனப் பெயர் மாற்றுதல்.'

வேறு ஆளாக இருந்தால் அங்கேயே ஒரு குதி குதித்திருப்பான். எர்மீனியு இடது கையால் வலது கையின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

காரணம் இருந்தது. ஊர்செய்ராவில் உயிரோடு இருக்கிறவர் பெயரைத் தெருவுக்கு வைக்கக் கூடாது. அப்படி ஒரு விதி. அந்த விதியைக் கொண்டுவந்ததே எர்மீனியுதான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், தேவாலயத்துக்குப் பின்னால் போகிற தெருவுக்கு ஃப்ளோரிவால் பெயரை வைக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னார். எர்மீனியு உடனே எழுந்தார். "உசுரோட இருக்கறவனுக்குத் தெரு குடுத்தா, நாளைக்கே அவன் ஜெயிலுக்குப் போனா என்ன பண்ணுவீங்க? பலகையையும் கூடவே உள்ள அனுப்புவீங்களா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது, பிறகு யோசித்தது, பிறகு கை தூக்கியது. ஃப்ளோரிவாலுக்குத் தெரு போயிற்று. ஊருக்கு ஒரு விதி வந்தது.

ஃப்ளோரிவாலை ஏன் மடக்கினார் என்பது தெரிய வேண்டுமானால் எர்மீனியுவின் ஆட்டக்கதை கொஞ்சம் தெரிய வேண்டும். கொஞ்சம் தெரிந்தால் போதும். நிறையச் சொல்ல அதில் சரக்கும் இல்லை. 1979-ல் பதினெட்டு வயதில் ஊர்செய்ரா யூனியன் கால்பந்து அணியில் சேர்ந்தார். 1993-ல் இடது முழங்கால் இனி முடியாது என்று சொல்லிவிட, ஓய்வு பெற்றார். பதினான்கு பருவம், முந்நூற்றுப் பதினோரு ஆட்டம், அத்தனையும் இரண்டாம் பிரிவில். மஞ்சள் அட்டை தொண்ணூற்றாறு. கோல், சுழியம்.

நடுக்களத்தில் தற்காப்பு வரிசைக்கு முன்னால் நின்று, எதிரணி வருகிற வழியை அடைக்கிறவனுக்குப் போர்ச்சுகல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் தாழ்ப்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் ஜன்னலைப் பாராட்டுவார்கள், திரைச்சீலையைப் பாராட்டுவார்கள். தாழ்ப்பாளைப் பாராட்டி யாரும் கேட்டதில்லை. திருடன் உள்ளே வந்துவிட்டால் மட்டும் அதைத் திட்டுவார்கள். தாழ்ப்பாளின் தொழில் சந்தேகப்படுவது. எதிரே வருகிறவன் இடப்பக்கம் பார்த்தால் வலப்பக்கம் போகப்போகிறான். சிரித்தால் முழங்கையால் விலாவில் இடிக்கப்போகிறான். நொண்டினால் பந்து வந்ததும் பறக்கப்போகிறான். பதினான்கு வருடம் இப்படியே பார்த்துப் பழகிய கண், ஓய்வுக்குப் பிறகும் ஓய்வு பெறவில்லை. ரொட்டிக்காரி ஒரு நாள் சிரித்தால் நேற்றைய ரொட்டியைத் தலையில் கட்டிவிட்டாள் என்று அர்த்தம். பாதிரியார் தோளில் தட்டினால் தேவாலயக் கூரைக்கு ஓடு மாற்றப் பணம் கேட்கப்போகிறார்.

ஃப்ளோரிவால் அதே அணியின் பத்தாம் எண். நீண்ட முடி, தாழ்ந்த காலுறை. எர்மீனியு சேற்றில் விழுந்து பந்தைப் பிடுங்கி ஐந்து அடி தள்ளிக் கொடுப்பார். ஃப்ளோரிவால் அதைக் கொண்டுபோய் கோலாக்கிவிட்டு வேலியருகே ஓடி இரண்டு கையையும் விரித்து நிற்பான். அணைத்துக்கொள்ள ஓடி வருகிறவர்களில் எர்மீனியு எப்போதும் கடைசி. அவர் போய்ச் சேர்வதற்குள் கொண்டாட்டம் முடிந்துவிடும்.

1987-ல் கோப்பை ஆட்டம். தலைநகரத்திலிருந்து பெரிய அணி ஒன்று குளிர்சாதனப் பேருந்தில் வந்து ஊர்செய்ராவின் சேற்றில் இறங்கியது. எண்பத்தோராவது நிமிடம் ஃப்ளோரிவால் தூரத்திலிருந்து அடித்த பந்து கம்பத்துக்கு ஒரு முழம் வெளியே போய்க்கொண்டிருந்தது. வழியில் எர்மீனியுவின் இடது முழங்காலில் பட்டு உள்ளே போயிற்று. ஒன்றுக்குச் சுழியம். ஊர் மூன்று நாள் தூங்கவில்லை. நடுவர் ஃப்ளோரிவால் பெயரை எழுதினார். வானொலிக்காரர் ஃப்ளோரிவால் பெயரைக் கத்தினார். படம் பிடித்தவர் யாரும் இல்லை. முழங்காலில் பட்டது என்று எர்மீனியு முப்பத்தேழு வருடமாகச் சொல்லிவருகிறார். படவில்லை என்று ஃப்ளோரிவால் சொல்லிவருகிறான். லக்ஸம்பர்க்கில் சுவருக்குச் சாயம் பூசும் தொழில் வைத்து, ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஊருக்கு வந்து சொல்லிவிட்டுப் போகிறான்.

ஆக, எர்மீனியு கணக்குப் போட்டார். இறந்தவருக்கு மட்டும்தான் தெரு. தனக்குத் தெரு வருகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்டர் பச்சேகு ரத்தம் எடுத்தார். முடிவு என்ன என்று இன்னும் சொல்லவில்லை. அந்த டாக்டரும் ஊராட்சித் தலைவர் குஸ்தோதியுவும் தினமும் ஒரே மேசையில் சீட்டாடுகிறவர்கள். ஊராட்சி எப்போதும் எல்லாவற்றிலும் தாமதம். சாக்கடை அடைத்தால் எட்டு மாதம். இந்த ஒரு விஷயத்தில் முந்திக்கொண்டார்கள் என்றால் விஷயம் அவ்வளவு உறுதி.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல அபீலியுவின் கடைக்குப் போனார். நாலு பேர் ஆடுகிற சீட்டு. எர்மீனியுவும் கடைக்கார அபீலியுவும் ஒரு ஜோடி. எதிர் ஜோடி டாக்டரும் தலைவரும். எர்மீனியு சீட்டைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தார். பார்த்ததில் ஒரு தவறு நடந்துவிட்டது. ஆட்டின் இறங்கிய சுற்றில், கையில் ஆட்டின் சீட்டு இருக்கும்போதே இல்லை என்று நினைத்துத் துருப்பு போட்டு வெட்டினார். அடுத்த சுற்றிலேயே அந்த ஆட்டின் அவர் கையிலிருந்து மேசையில் விழுந்தது.

ஊர்செய்ராவில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. இதே தவறுக்காகத் தச்சர் ஒருவரும் அவருடைய சொந்த மச்சானும் பதினோரு வருடம் பேசாமல் இருந்தார்கள். மச்சானின் சாவுக்குப் போன தச்சர், பெட்டியைப் பார்த்து, "இப்பவாவது ஒத்துக்கோடா" என்றார்.

எர்மீனியு கண்ணை மூடிக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தார்.

"விடுப்பா, மனுசனுக்கு மறதி வராதா?" என்றார் டாக்டர்.

"அதானே!" என்றார் தலைவர். "சீட்டா முக்கியம்? எர்மீனியுதான் முக்கியம்."

எர்மீனியு கையிலிருந்த சீட்டையெல்லாம் மேசையில் வைத்தார். "என்னது, விடறீங்களா? நான் வெட்டுனேன் டாக்டரே. ஆட்டினக் கையில வெச்சுக்கிட்டு வெட்டுனேன். திட்டுங்க!"

"எதுக்குத் திட்டணும்? நீ சந்தோஷமா இரு, அது போதும்."

அபீலியு எழுந்து போய் ஒரு சின்னக் கோப்பைக் காப்பி கொண்டுவந்து வைத்தான். "நான் கேக்கலையே" என்றார் எர்மீனியு.

"குடி அண்ணே. என் கையால ஒண்ணு குடிச்சா என்ன?"

என் கையால என்கிறானே! கடைசியாக ஒரு வாய் ஊற்றுகிறவன் மாதிரி அல்லவா பேசுகிறான்! எர்மீனியு காப்பியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். நன்றாக இருந்தது. அதுவும் சந்தேகத்துக்கு இடமானதுதான், அபீலியுவின் காப்பி நன்றாக இருந்ததாகச் சரித்திரமே இல்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அவர் உள்ளே நுழைந்ததும் மனைவி லியோகாதியா தொலைபேசியை வைத்தாள். அடுப்பில் பட்டைப்பொடி தூவிய பால்சோறு. சர்க்கரை ஆகாது என்று ஆறு வருடமாக அந்த வீட்டில் பால்சோறு இல்லை. மேசைமேல் இரண்டு புகைப்படங்கள்.

"ஏ மனுசா, நல்ல நேரத்துக்கு வந்தே. இதுல எதுல நீ நல்லா இருக்கே? மீசை வெச்சதா, வெக்காததா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா யாரும் போட்டோ தேட மாட்டாங்க லியோகாதியா."

"அய்யய்யோ, ஒரு கேள்வி கேட்டா பதில் வராது, விசாரணை வரும்! மீசை வெச்சதையே எடுத்துக்கறேன். இந்த மூலையெல்லாம் வளைச்சு முட்டை மாதிரி வெட்டிட்டா எடுப்பா இருக்கும்."

முட்டை மாதிரி. ஊர்செய்ராவில் புகைப்படத்தை முட்டை வடிவில் வெட்டுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். பீங்கானில் பதித்துக் கல்லறையில் ஒட்ட. எர்மீனியுவின் அப்பா அப்படித்தான் அங்கே முட்டைக்குள்ளிருந்து முறைத்துக்கொண்டிருக்கிறார்.

"கோட்டு எங்க?" என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் தொங்குகிற கறுப்புக் கோட்டைக் காணவில்லை.

"தையக்காரர்கிட்ட. இடுப்பைக் கொஞ்சம் விட்டுத் தைக்கச் சொன்னேன்."

பெட்டிக்குள் படுக்கிறவனுக்கு இடுப்பை விட்டுத் தைக்க வேண்டிய அவசியமே இல்லை, முதுகில் கிழித்துப் போர்த்திவிடுவார்கள். இது ஒரு சாட்சி. ஆனால் சந்தேகம் பிடித்தவன் தனக்குச் சாதகமான சாட்சியை எடுத்துக்கொள்வதில்லை. எர்மீனியு பால்சோற்றை மூன்று கிண்ணம் சாப்பிட்டார். எப்படியும் போகப்போகிறோம், பட்டைப்பொடியாவது மிஞ்சக் கூடாது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மருத்துவமனைக்கு நேராகவே போனார். டாக்டர் பச்சேகு மேசையில் இரண்டு கையையும் கோர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜலதோஷத்தைக்கூடப் பெரிய மர்மம்போலச் சொல்வது அவர் வழக்கம். மூக்கொழுகலுக்கு அவரிடம் போனவர்கள் உயில் எழுதிவிட்டு வீடு திரும்பியதுண்டு.

"டாக்டரே, ஒளிக்காதீங்க. எனக்குத் தெரிஞ்சு போச்சு."

டாக்டரின் முகம் மாறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? எத்தன நாள் இருக்கு?"

"சொல்லக் கூடாதுன்னு தலைவர்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். சரி, நீயே கண்டுபிடிச்சிட்டே. பதினஞ்சாந்தேதி. மாதா திருநாள் பூசை முடிஞ்ச கையோட."

எர்மீனியு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வைத்தியம் இவ்வளவு முன்னேறிவிட்டதா? நாளைச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். பூசை நேரத்தைக்கூடவா?

"அவ்வளவு கரெக்டாவா?"

"எல்லா ஏற்பாடும் ஆயாச்சு. பேண்டு வாத்தியத்துக்குச் சொல்லியாச்சு."

"லியோகாதியாவுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? மொதல்ல சம்மதம் சொன்னதே அவங்கதான். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா அவங்களுக்கு!"

முப்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கை எர்மீனியுவின் கண்முன்னால் ஒருமுறை நடந்துபோயிற்று. சந்தோஷமா? சம்மதம் வேறயா?

"அப்போ அந்த ரத்தம்?"

"அதெல்லாம் நல்லா இருக்கு. அதை யாரு இப்ப கேட்டா?"

நல்லா இருக்கு என்று டாக்டர் சொன்னால், இனி மருந்துக்கு வேலை இல்லை என்று அர்த்தம். எர்மீனியு எழுந்தார். "நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். பேசாம இரு. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

வெளியே வந்து தேவாலயப் படிக்கட்டில் உட்கார்ந்தார். எதிரே கால்பந்து மைதானத்தின் சுவர் தெரிந்தது. சாவதில் அவருக்குப் பெரிய ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை. அது ஒரு தீர்ப்பு, நடுவர் ஊதிவிட்டால் ஊதியதுதான். அவரைக் குடைந்தது வேறு. முந்நூற்றுப் பதினோரு ஆட்டம், கோல் சுழியம். அந்தச் சுழியத்தோடு அவரைப் புதைக்கப்போகிறார்கள். உலகத்தில் ஒரே ஒரு மனிதன் நினைத்தால் அதை ஒன்றாக மாற்றலாம். அவன் பதினொன்றாம் தேதி லக்ஸம்பர்க்கிலிருந்து வருகிறான்.

ஃப்ளோரிவாலின் வீட்டு வாசல் தூண்களில் இரண்டு சிமெண்டுச் சிங்கங்கள் உட்கார்ந்திருந்தன. வருடத்தில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கிற வீட்டை வேறு யார்தான் காப்பது? ஃப்ளோரிவால் கறுப்புச் சாயம் பூசிய தலையோடு வந்து கதவைத் திறந்தான். சுவருக்குச் சாயம் பூசுகிறவனுக்குத் தலைக்குப் பூசுவது பெரிய காரியமா என்ன!

"வாடா தாழ்ப்பாளே! இன்னும் துருப் பிடிக்கலையா நீ?"

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தேன். அந்த கோல்."

"எந்த கோல்? என்னோடது நூத்திப் பன்னெண்டு இருக்கே."

"எண்பத்தேழு. என் முழங்கால்ல பட்டது. இப்பவாவது ஒத்துக்கோ. எனக்கு நேரம் இல்ல."

ஃப்ளோரிவால் சிங்கத்தின் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தான். "பட்டிருக்கலாம். படாமலும் இருந்திருக்கலாம். அதுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? பதினஞ்சாந்தேதியோட அந்த விவகாரமும் தீந்துரும். உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

சொல்லிவிட்டு எர்மீனியுவை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டான்.

பதினான்கு பருவத்தில் அவன் ஒருமுறைகூட இவரை அணைத்ததில்லை. வீடு திரும்புகிற வழியெல்லாம் அந்த அணைப்பு எர்மீனியுவின் தோளில் ஈரச் சட்டைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே வருகிறவன் சிரித்தால் முழங்கை எங்கே என்று பார்க்க வேண்டும். முழங்கை எங்கே? நிம்மதி எனக்கு வருவது சரி, செத்தவனுக்கு நிம்மதிதான். இவனுக்கு ஏன் வருகிறது?

பதினைந்தாம் தேதி காலையில் எர்மீனியு குளித்து, சவரம் செய்து, இடுப்பு விட்டுத் தைத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டார். எப்படியும் போடத்தான் போகிறார்கள், அவர்களுக்கு ஏன் சிரமம் என்று. பூசையில் நெஞ்சைக் கவனித்துக்கொண்டே இருந்தார். அது தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. பூசை முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. லியோகாதியா அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா மனுசா, கசாப்புக்கூடத் தெருவுக்கு."

"அங்க எதுக்கு?"

"வான்னா வா."

தெருமுனையில் ஊரே நின்றது. லக்ஸம்பர்க்குக்குப் பிழைக்கப் போய் விடுமுறைக்கு வந்திருந்த ஊர்க்காரர்களும் நின்றார்கள். பேண்டு வாத்தியம் வாசித்தது. சுவரில் யூனியன் கொடி எதையோ மூடித் தொங்கியது. அதற்குப் பக்கத்தில் ஒரு பதாகை. அதில் முட்டைக்குள் மீசையோடு எர்மீனியு.

ஊராட்சித் தலைவர் குஸ்தோதியு ஒலிபெருக்கி முன்னால் வந்தார். அந்த மனிதருக்கு ஒலிபெருக்கி கிடைத்தால் போதும், வாயில் வேறு ஒரு பாஷை வந்து உட்கார்ந்துகொள்ளும். தெரு விளக்கு எரியவில்லை என்பதையே "ஒளியின் தற்காலிகப் பிரிவு" என்று அறிவித்தவர் அவர்.

"பெருமக்களே! மாதர்குல மாணிக்கங்களே! கடல் கடந்து சென்றும் மண்மணம் மறவா மைந்தர்களே! இன்று நாம் எதற்காகக் கூடியிருக்கிறோம்? ஒரு மாமனிதருக்காக! அன்னார் ஓடினார். அன்னார் விழுந்தார். அன்னார் எழுந்தார். அன்னாரின் கால்கள் இம்மண்ணில் பதித்த தடங்களைக் காலத்தின் மழையும் கழுவ இயலுமோ?"

எர்மீனியு டாக்டரின் காதருகே குனிந்தார். "டாக்டரே, நான் செத்துட்டேனா, இனிமேதானா?"

"என்ன உளர்றே?"

"பதினஞ்சாந்தேதின்னு சொன்னீங்களே. அன்னார் அன்னார்ங்கறாரே."

"இந்தத் திறப்பு விழாவைத்தான்டா சொன்னேன்! உனக்கு என்ன கேடு? கொலஸ்ட்ரால் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கு. இனிமே அந்தப் பால்சோத்தத் தொடாதே."

எர்மீனியு லியோகாதியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ நீ சம்மதிச்சது?"

"போட்டோ குடுக்க."

நாற்பது நிமிடம் பேசி முடித்துத் தலைவர் கொடியை இழுத்தார். நீலக் கரையிட்ட பீங்கான் ஓட்டுப் பலகை சுவரில் பளபளத்தது. நாலு வரி.

எர்மீனியு வலதாரெஸ் தெரு
ஊர்செய்ராவின் தாழ்ப்பாள்
1979 – 1993
1987-ல் ஃப்ளோரிவால் அடித்த கோலுக்குப் பந்து தந்தவர்

கைதட்டல் ஆரம்பித்துப் பாதியில் நின்றது. லக்ஸம்பர்க்கார அம்மாள் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டு சத்தமாகவே சொன்னாள்: "பதினாலு வயசுப் புள்ளையா? அய்யோ பாவமே, எந்த வண்டில அடிபட்டுச்சோ!"

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "விளக்கம் தேவைப்படுகிறது. உயிரோடிருப்பவர் பெயர் கூடாது என்று நமக்கு ஒரு விதி உண்டு. அதை இயற்றியவரும் நம் எர்மீனியுவே! எனவே ஆழ்ந்து ஆலோசித்தோம். மனிதர் வாழ்கிறார். ஆனால் ஆட்டக்காரர்? ஆட்டக்காரர் 1979-ல் பிறந்து 1993-ல் இறந்துவிட்டார். விதியும் பிழைத்தது, எர்மீனியுவும் பிழைத்தார்!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. எர்மீனியுவுக்கும் சிரிப்பு வந்தது. உயிர் திரும்பக் கிடைத்த மனிதனுக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்புத்தான் வரும். சாகவும் இல்லை, தெருவும் உண்டு. சுழியம் கோல் அடித்த தாழ்ப்பாளுக்குத் தெரு! நான்கு வரியையும் இன்னொரு தடவை படித்தார். காகிதத்தை மட்டுமல்ல, ஓட்டுப் பலகையையும் இரண்டு தடவை படிக்கலாம்.

நாலாவது வரியில் நின்றார்.

"தலைவரே, இந்தக் கடைசி வரி யார் சொல்லி எழுதுனது?"

"அதுவா? இந்த யோசனையே நம்ம ஃப்ளோரிவாலோடது! பெரிய மனசு. பலகைக்கும் அவர்தான் செலவு பண்ணினார். வாசகத்தையும் அவரே எழுதி அனுப்பிட்டார். நமக்கு ஒரு கஷ்டமும் வெக்கல."

ஃப்ளோரிவால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூட்டத்திலிருந்து வந்தான். கோல் போட்டுவிட்டு வேலியருகே நிற்பானே, அதே விரிப்பு. "உனக்குத் தகுதி இருக்குடா! ஊரே சொல்லுது!"

இதோ முழங்கை. வாயால் சொன்னால் மறுக்கலாம், காகிதத்தில் எழுதினால் கிழிக்கலாம் என்று சூளையில் வைத்துச் சுட்டுக் கொண்டுவந்திருக்கிறான். தெருவை வாங்கிக்கொண்டால் கோலை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இனி நூறு வருடத்துக்கு, பலகைக்குக் கீழே நாய் காலைத் தூக்கும்போதெல்லாம், அந்தக் கோல் ஃப்ளோரிவாலுடையது. முப்பத்தேழு வருடம் மறுத்தவன் பெயராலேயே.

எர்மீனியு அந்த அணைப்புக்கு வழிவிட்டு ஒரு அடி விலகினார். ஃப்ளோரிவால் காற்றை அணைத்துக்கொண்டு நின்றான். எர்மீனியு ஒலிபெருக்கியை எடுத்தார்.

"அன்னார் பேசறேன்," என்றார். "விதி என்னன்னா, உசுரோட இருக்கறவனுக்குத் தெரு கிடையாது. எழுதுனது நான். நான் உசுரோட இருக்கேன். பலகையக் கழட்டுங்க."

"யோவ், ஆட்டக்காரர் செத்துட்டார்னு சொன்னேனே!" என்றார் தலைவர். பதற்றத்தில் அவருடைய மேடை பாஷை கழன்று விழுந்துவிட்டது.

"செத்தவன் முழங்கால் மழைக்கு வலிக்குமா?"

எர்மீனியு குனிந்து, லியோகாதியா தேய்த்துக் கொடுத்த கால்சட்டையின் இடது காலைத் தொடைவரைக்கும் சுருட்டினார். மாதா திருநாள் வெளிச்சத்தில் அந்த முழங்கால் ஊர் முழுக்கத் தெரிந்தது. வெளுத்து, வீங்கி, தழும்போடு, பழைய உருளைக்கிழங்கு மாதிரி. பேண்டு வாத்தியத்தில் பெரிய ஊதுகுழல்காரர் எதற்கோ தொப்பியைக் கழற்றினார்.

"இங்க பட்டுச்சு," என்று அந்த இடத்தில் விரலை வைத்தார் எர்மீனியு. "எண்பத்தோராவது நிமிஷம். பந்து வெளிய போயிட்டிருந்துச்சு. இங்க பட்டு உள்ள போச்சு. தெருவ வேற யாருக்காவது குடுங்க. கோல நான் தர மாட்டேன்."

"படலடா!" என்று கத்தினான் ஃப்ளோரிவால்.

"பட்டுச்சு!"

"பொய்யி! உன் முழங்கால் அந்தப் பக்கமே இல்ல!"

"பட்டிருக்கலாம்னு சிங்கத்துக்கிட்ட நின்னு சொன்னியே! அந்த ரெண்டு சிங்கமும் சாட்சி!"

கூட்டம் அதே இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் அந்த ஆட்டத்தின்போது பிறக்கவே இல்லை, ஆனாலும் எல்லாரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். பாதிரியார் மட்டும், தான் கம்பத்துக்குப் பின்னால் நின்றதாகவும் ஆனால் அந்த நொடியில் தும்மிவிட்டதாகவும் சொன்னார். வெயில் சாயும்வரை அந்த வாக்குவாதம் ஓயவில்லை. திருநாள் விருந்துக்கு வறுத்த மத்தி மீனெல்லாம் ஆறிப்போயிற்று.

"ஒரு தெருவே போச்சு," என்றாள் லியோகாதியா, வீட்டுக்கு நடக்கும்போது.

"எந்தத் தெரு? கசாப்புக்கூடத் தெருதானே," என்றார் எர்மீனியு. கால்சட்டை இன்னும் சுருட்டியபடியே இருந்தது.

விதி விதிதான் என்று ஊராட்சி மறுநாளே பலகையைக் கழற்றியது. ஃப்ளோரிவால் மாதக் கடைசியில் லக்ஸம்பர்க் போய்விட்டான், சிங்கங்கள் இருக்கின்றன. மத்தியானச் சீட்டாட்டம் பழையபடி நடக்கிறது. போன வாரம் எர்மீனியு மறுபடியும் ஆட்டினை வைத்துக்கொண்டு துருப்பால் வெட்டியபோது டாக்டர் மேசையில் குத்தி, "திருட்டுப் பயலே!" என்று கத்தினார். எர்மீனியுவுக்கு ஒரு மாதத்தில் அவ்வளவு ஆறுதலாக எதுவும் கேட்டதில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. பலகையை உடைக்கவில்லையாம். நல்ல ஓடு, என்றைக்காவது வேண்டியிருக்கும், வீணாக்குவானேன் என்று ஊராட்சிச் சேமிப்பறையில் சுவரைப் பார்த்தபடி வைத்திருக்கிறார்கள். அபீலியுதான் சொன்னான். அதற்குப் பிறகு எர்மீனியு கவனித்துப் பார்த்துவிட்டார். சீட்டாடும்போது அவர் ஒரு தடவை இருமினால் போதும், தலைவர் குஸ்தோதியு கையில் இருக்கிற சீட்டை இறக்கிவிட்டு மெல்ல நிமிர்ந்து பார்க்கிறார்.